ஹோகிதானியின் நீலக் கறை

"கொட்டகைக் கதவை யாரு இப்படி இழுத்து வெச்சது? மூடவே மாட்டேங்குது!"

மாமியார் ஃபுமியேயின் குரல் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்திலிருந்து வந்தபோது, சயோரி தோட்டத்துக்குப் போகும் மகளின் சாப்பாட்டு டப்பாவில் கடைசிச் சோற்று உருண்டையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் தொடலைம்மா."

"நேத்து நீதானே கூடை எடுக்கப் போனே? எனக்குக் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து வழுக்கிக்கிட்டு ஓடின கதவு. அவசரக்காரி கை பட்டா எதுதான் உருப்படும்?"

ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்த கணவன் ரியோஹேய் சிரித்தான். "விடும்மா. அவ மலையையே இறக்கினவ. கதவெல்லாம் எம்மாத்திரம்?"

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்த அந்தக் கேலியைக் கட்டியவன் வாயால் கேட்கச் சயோரிக்குப் பொறுக்கவில்லை. டப்பாவை மேசைமேல் வைத்தாள். கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. சொன்னவர்களுக்குப் 'போயிட்டு வா' என்று உள்ளிருந்து ஒரு குரலாவது வரும். இன்று இரண்டும் இல்லை.

கல்யாணத்துக்கு முன் ஒசாகாவில் பெரிய நிறுவனம் ஒன்றில் நிலப்பரப்பு அளவைப் பொறியாளராக இருந்தவள் சயோரி. இப்போது கோச்சி மலைப்பகுதியின் சின்ன நகரத்தில், ஒகபாயாஷி அளவை அலுவலகத்தில் அரை நாள் வேலை. மகள் கோஹருவைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நேரம் வரைக்கும்தான். ட்ரோன் பறந்து லேசர் ஒளியால் அளந்து வந்த மலையைக் கணினியில் விரித்து, பழைய அளவோடு ஒட்டிப் பார்ப்பாள். தாழ்ந்த இடம் நீலமாகத் தெரியும், உயர்ந்த இடம் சிவப்பாக.

போன வருஷ மழைக்காலத்தில் அப்படிப் பார்த்தபோது அவர்கள் ஊரான ஹோகிதானி கிராமம் மொத்தமும் நீலமாக இருந்தது. பதறிப்போய்ச் சொன்னாள். ஊரே மெத்தையைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் போய்ப் படுத்தது. பிறகுதான் தெரிந்தது, மலை எங்கும் போகவில்லை. அந்த வசந்தத்தில் அரசாங்கம் நாடு முழுவதற்குமான உயரக் கணக்கைத் திருத்தியிருந்தது. புது அளவு புதுக் கணக்கில் இருந்தது, பழைய அளவு பழைய கணக்கில். ஒன்றை மற்றதாக மாற்றாமலே சயோரி இரண்டையும் கழித்துவிட்டாள். பக்கத்துத் தோட்டத்து நிஷிமோரித் தாத்தாதான் முதலில் 'மலையை இறக்கின மருமக' என்று பெயர் வைத்தார்.

இந்த வாரம் ஒரு புயல் கடந்து போயிருந்தது. மழை விட்டதும் அலுவலகத்துப் பையன்கள் ஹோகிதானிக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிட்டிருந்தார்கள். சயோரி அந்த அளவைத் திறந்தாள். போன வருஷ அவமானத்துக்குப் பிறகு, வேறு எதையும் தொடுமுன் உயரக் கணக்கை மாற்றுவதே அவளுக்குப் பழக்கமாகியிருந்தது. மாற்றினாள். கழித்தாள். படம் மெல்லத் திரையில் நிறைந்தது.

மூங்கில் காட்டுக்குக் குறுக்கே பிறை வடிவில் ஒரு நீலக் கறை. அதற்கு நேர் கீழே, அவர்களுடைய யூசு எலுமிச்சைத் தோட்டத்தின் கல்சுவருக்குச் சற்று மேலே, சிவப்பாக ஒரு திட்டு.

முதலில் வந்தது பயமில்லை, வெட்கம்தான். மறுபடியுமா? கணக்கை மாற்றியதைச் சரிபார்த்தாள். சரியாக இருந்தது. ஒருவேளை கணினி தானாக மாற்றியதை நானும் ஒரு தடவை மாற்றிவிட்டேனா? ஆற்றுப் பாலத்தைப் பார்த்தாள், பள்ளிக்கூடக் கூரையைப் பார்த்தாள், கோயில் கல்படிகளைப் பார்த்தாள். எல்லாம் சாம்பல் நிறத்தில், இருந்த இடத்திலேயே இருந்தன. கணக்குத் தப்பினால் எல்லாமே ஒன்றாகத் தாழும், இல்லையென்றால் ஒன்றாக உயரும். பாலம் அசையாமல் நிற்க, மலை மட்டும் மேலே அமுங்கிக் கீழே வீங்குவது கணக்கின் குற்றமில்லை.

தான் தப்பு செய்திருக்க வேண்டுமே என்று அவள் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இன்னொரு முறை எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து செய்தாள். நீலம் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

புயலில் பாலர் பள்ளியின் கூரைத் தகடு பறந்துவிட்டதால் இன்று விடுமுறை. கோஹரு பாட்டியோடும் அப்பாவோடும் தோட்டத்தில் இருக்கிறாள். யூசு பறிக்கிற காலம், ஒரு நாள் விட்டாலும் பழம் வீண் என்று எல்லோரும் காலையிலேயே சரிவில் ஏறியிருப்பார்கள்.

"சார்..." என்றாள். "சார், கொஞ்சம் வாங்களேன்."

ஒகபாயாஷி வந்து பின்னால் நின்றார். படத்தைப் பார்த்தார். தயங்கித் தயங்கி, "சயோரிசான், தப்பா நினைக்காதீங்க. உயரத்தை மாத்திட்டீங்கதானே?" என்றார்.

"மாத்திட்டேன் சார்."

"ரெண்டு தடவை மாத்திடலையே?"

"பாலத்தைப் பாருங்க. கூரையைப் பாருங்க."

பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வெட்டுக்கோடு ஒண்ணு போடுங்க, மேலேருந்து கீழே."

சயோரி போட்டாள். பழைய மலையின் கோடும் புதிய மலையின் கோடும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. களைத்துப்போன ஆள் தோள் தொங்கி வயிறு தள்ளி உட்காருவதுபோல் இருந்தது புதிய மலை. ஒகபாயாஷி கண்ணாடியைக் கழற்றினார். வேறு எதுவும் கேட்காமல் தொலைபேசியை எடுத்தார்.

நகராட்சியில் யாரோ போன வருஷத்தை ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும். "ஆமா, அதே ஊருதான். அதே பொண்ணுதான்," என்றார் ஒகபாயாஷி. "இந்தத் தடவை நானும் பார்த்தேன். என் முத்திரையைக் குத்தி அனுப்புறேன். தப்புன்னா என் கழுத்தைப் பிடிங்க." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ரிசீவரை வைத்தார். "ஹோகிதானி ஒலிபெருக்கிக் கம்பம் புயல்ல சாஞ்சிடுச்சாம். அறிவிப்பு போகாது. தீயணைப்பு வண்டி அனுப்புறாங்க. ஆனா ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து சுத்தி வரணும்."

சயோரி கணவனின் எண்ணை அழுத்தினாள். அடித்துக்கொண்டே இருந்தது. போன் எப்போதும்போல லாரியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருக்கும், சட்டைப்பையில் வைத்தால் யூசு முள் கிழித்துவிடும் என்பான்.

"நீங்க போகக்கூடாது," என்றார் ஒகபாயாஷி.

"கோஹரு அங்கே இருக்கா சார்."

அவர் அலமாரியிலிருந்து ஒரு தலைக்கவசத்தை எடுத்துக் கையில் திணித்தார். "நேரா கீழே இறங்காதீங்க. பக்கவாட்டுல பாலத்துப் பக்கமா வாங்க. எதுக்காகவும் திரும்பிப் போகாதீங்க, கேட்டீங்களா?"

ஆற்றோரப் பாதையில் கார் ஓட்டியது அவளுக்கு ஞாபகமே இல்லை. காலையில் சொல்லாமல் வந்துவிட்டேனே என்ற ஒரே நினைப்பு ஈ மாதிரி மோதிக்கொண்டே இருந்தது.

பாலம் தாண்டித் திரும்பியதும் மலை தெரிந்தது. வெயிலில் கழுவிவிட்ட மாதிரி பச்சை. அதற்குள் மஞ்சள் மஞ்சளாக யூசுப் பழங்கள். எங்கும் எதுவும் ஆகவில்லை. காரை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

கல்சுவருக்கு அடியில், படத்தில் சிவப்பாக இருந்த அதே இடத்துக்குக் கீழே, கோஹரு ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! இது எல்லாத்திலயும் பெருசு!"

சயோரி ஓடிப்போய்ப் பழத்தோடு சேர்த்து அவளை அள்ளினாள்.

ஏணியின் உச்சியிலிருந்து ஃபுமியே எட்டிப் பார்த்தாள். "என்ன, அரை நாள் வேலை கால் நாளாயிடுச்சா? தலையில என்ன சட்டி?"

"அம்மா, இறங்குங்க. ரியோ, எல்லாரும் இறங்குங்க. மலை நகருது."

பக்கத்துத் தோட்டத்து வேலியோரம் நின்ற நிஷிமோரித் தாத்தா கத்தரியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். "மறுபடியும் இறக்கிட்டியா ஆத்தா? போன தடவை அந்தக் கூடத்துத் தரையில படுத்து என் இடுப்பு இன்னும் நிமிரலை. நான் வீட்டுக்குப் போய் டீ குடிக்கிறேன். மலை வந்தா ஒரு குவளை அதுக்கும் ஊத்துறேன்." மேட்டிலிருந்த தன் வீட்டை நோக்கி நடந்துவிட்டார்.

சயோரி போனை நீட்டினாள். ரியோஹேய் படத்தைப் பார்த்தான். "நிச்சயமா? போன தடவையும் இதே மாதிரிதானே..." என்று இழுத்தான். திட்டவில்லை, பாவமாகத்தான் கேட்டான். நீலமும் சிவப்பும் அவர்களுக்குக் குழந்தை கிறுக்கிய சாயம் மாதிரி இருந்திருக்கும்.

அப்போதுதான் கல்சுவரின் இடுக்கிலிருந்து தண்ணீர் கசிவதைப் பார்த்தாள். எப்போதும் பளிங்காக வரும் தண்ணீர் பால்விட்ட தேநீர் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. சுவருக்கு மேலே அவர்கள் வீட்டுக் கொட்டகை. பாதி மூடி நிற்கும் கதவு.

"அம்மா," என்றாள். "அந்தக் கதவை நான் இழுக்கலை. கதவு மேல தப்பே இல்லை. சட்டம் சாஞ்சிருக்கு. கொட்டகையே நகர்ந்திருக்கும்மா."

ஃபுமியேயின் கை பழத்தின்மேல் நின்றது. கொட்டகையைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு விரலால் தள்ளித் திறந்த கதவு. காலையில் இரண்டு கையாலும் முட்டியாலும் தள்ளியும் நகரவில்லை. அவள் முகம் வெளிறிப்போனதைச் சயோரி கண்ணால் பார்த்தாள்.

"ரியோஹேய்," என்றாள் ஃபுமியே, சன்னமான குரலில். "கூடையை அங்கேயே போடு."

அவன் போட்டான். பழங்கள் உருண்டன. "நீங்க மூணு பேரும் காரை எடுத்துக்கிட்டுப் பாலத்தைத் தாண்டுங்க. நான் தாத்தாவைத் தூக்கிக்கிட்டு லாரில வர்றேன்."

"வேண்டாம் ரியோ. தீயணைப்புக்காரங்க வருவாங்க."

"அவங்க வர்றதுக்குள்ள?"

போன வருஷம் அவள் தப்பாகச் சொன்னதால்தான் தாத்தா இன்று சிரித்துவிட்டுப் போனார். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவன் லாரியை எடுத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறினான்.

பாலம் தாண்டியிருந்த விளையாட்டுக் கூடத்தில் மெல்ல மெல்ல ஊர் சேர்ந்தது. தீயணைப்பு வண்டி வீடு வீடாக நின்று ஏற்றி வந்தது. "இந்தத் தடவை சீட்டுக்கட்டு எடுத்துட்டு வந்துட்டேன்," என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். ஃபுமியே திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. ரியோஹேய் வரவில்லை. மேட்டு வீட்டில் ஆள் யாரும் இல்லை, லாரியும் இல்லை என்றான் தீயணைப்புப் பையன். அப்படியென்றால் கிளம்பிவிட்டார்கள். எந்த வழியாக என்பதுதான் தெரியவில்லை.

முதலில் கூடத்தின் கண்ணாடிகள் அதிர்ந்தன. பிறகு அந்தச் சத்தம். இடி மாதிரி இல்லை. நூறு லாரிகள் ஒரே நேரத்தில் ஜல்லியைக் கொட்டினால் வருமே, அப்படி. கொட்டிக்கொண்டே இருந்தது. கோஹரு அம்மாவின் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள். பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது.

அந்த அமைதியில்தான் மணம் வந்தது. குளிர்காலக் குளியல் தொட்டியில் ஒன்றிரண்டு யூசுவை மிதக்கவிட்டாலே வீடெல்லாம் மணக்கும். இது ஒரு தோட்டத்துப் பழம் முழுதும் ஒரேயடியாக நசுங்கிய மணம். கூரைவரை நிறைந்து மூக்கை எரித்தது. ஃபுமியே இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். சயோரியால் மட்டும் போக முடியவில்லை. வாசலுக்குப் போனால் தெரிந்துவிடும். இங்கேயே நின்றால் இன்னும் தெரியாது. கோஹருவின் கையிலிருந்த அந்தப் பெரிய பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே ஏதோ ஒரு கதவு அடிக்கும் சத்தம். பிறகு ஒரு முனகல்: "டேய், மெதுவா! இடுப்பு, இடுப்பு!"

கூட்டம் விலகியது. இடுப்புவரை சேறோடு ரியோஹேய் நின்றான். அவன் முதுகில் நிஷிமோரித் தாத்தா. தாத்தாவின் கையில் இன்னும் அந்தக் கத்தரி இருந்தது. பாதை மூடிவிட்டதால் லாரியைப் பாதியில் விட்டுவிட்டு, மரம்வெட்டிகள் போகும் பக்கவழியாக நடந்தே வந்திருக்கிறார்கள்.

ரியோஹேய் தாத்தாவை இறக்கி உட்காரவைத்தான். கூட்டத்தில் கண்ணால் தேடி அவளைப் பார்த்தான்.

"வந்துட்டேன்," என்றான்.

எல்லா வீட்டிலும் வாசல் ஏறும்போது சொல்கிற சொல்தான்.

"வா," என்றாள். "காலையில நான் சொல்லாமப் போயிட்டேன்."

"தெரியும். நானும்தான் பதில் சொல்லலை."

அவன் அவள் கையைப் பிடித்தான். சேற்றுக் கை. அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.