திரை ஒத்துக்கொள்ளாத ட்ரெய்லர்

இஞ்ஞாசிமுத்துவின் புது பிக்கப் வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு திரை இருந்தது. வண்டி வாங்கிய ஐந்து மாதத்தில் அவர் சாலையைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம். டயரில் காற்று குறைந்தால் அது சொல்லும். பின்னால் ட்ரெய்லர் மாட்டினால் அதன் படத்தைப் போட்டு, பிரேக் விளக்கு எரிகிறதா, எத்தனை கிலோமீட்டர் இழுத்தது என்று எல்லாம் சொல்லும். ராயப்பன்பட்டிப் பக்கம் அப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் இல்லை என்பதை இஞ்ஞாசிமுத்து எல்லோரிடமும் சொன்னார். கேட்காதவர்களிடம் இரண்டு தடவை சொன்னார்.

அன்று காலை ஏழரை மணிக்கு அந்தத் திரை, பின்னால் ட்ரெய்லரே இல்லை என்றது.

ட்ரெய்லர் இருந்தது. ஞானசெல்வியின் தோட்டத்தில் நின்ற அதில் அவளுடைய பன்னீர் திராட்சை முப்பது பெட்டி இருந்தது. மழையில் வெடித்து அழுகியது போக அந்தப் பருவத்தில் அவளுக்கு மிஞ்சிய பழம் அவ்வளவுதான். பதினொரு மணிக்குக் கம்பத்திலிருந்து கேரளாவுக்குக் கிளம்பும் லாரியில் அது ஏற வேண்டும். அடுத்த லாரி மறுநாள். மறுநாள் வரை அது பழமாக இருக்காது. அவள் வழக்கமான வேனைத்தான் சொல்லி வைத்திருந்தாள். "என் ட்ரெய்லரோட முதல் சவாரி உன் சரக்குதான்த்தா" என்று வலிய வந்து வேனைத் திருப்பி அனுப்பியவர் இஞ்ஞாசிமுத்து.

"கிளம்புங்கண்ணே."

"எப்படித்தா கிளம்புறது? ட்ரெய்லர் மாட்டலைங்குதே."

"மாட்டித்தானே நிக்கிது. கொக்கி, சங்கிலி எல்லாத்தையும் நான் இழுத்துப் பார்த்துட்டேன்."

"நீ பார்த்து என்ன செய்ய? வண்டில்ல பார்க்கணும்."

"பின்னாடி லைட்டு எரியாது, அம்புட்டுத்தானே? பட்டப்பகல்தானே. ஒரு செவப்புத் துணியைக் கட்டுங்க. நான் பெட்டி மேல உக்காந்து கை காட்டிக்கிட்டே வாரேன்."

இஞ்ஞாசிமுத்துவின் முகம் சுண்டிவிட்டது. "என் வண்டிக்குப் பின்னாடி துணியா? கம்பத்துக்குள்ள எப்படித்தா போறது?"

தேனிக்கு போன் போட்டார். சர்வீஸ் சென்டரிலிருந்து ஜாஸ்பர் பைக்கில் வந்து சேர்ந்தபோது ஒன்பதேகால். சட்டையில் கம்பெனிப் பெயர், கழுத்தில் அட்டை, கையில் லேப்டாப். ட்ரெய்லர் பக்கம் அவன் திரும்பக்கூட இல்லை. நேராக வண்டிக்குள் ஏறி, வயரைச் செருகி, கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டான். அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடியை இறக்கினான்.

"சார், வண்டி ஃபுல் ஹெல்த்தியா இருக்கு."

"அப்ப ட்ரெய்லர்?"

"சிஸ்டத்துல ட்ரெய்லர் இல்ல சார்."

இருவரும் இறங்கி வந்து ட்ரெய்லரைப் பார்த்தார்கள். கையை நீட்டினால் தொடலாம். அதன் மேல் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ஈக்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இந்த இரண்டு பேருக்கும்தான் இருந்தது.

"சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுரலாம் சார்" என்றான் ஜாஸ்பர். அதற்கு நெட் வேண்டும். தோட்டத்தில் நெட் கிடைக்கும் ஒரே இடம் மோட்டார் ரூம் கூரை. இஞ்ஞாசிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூரை மேல் ஏறி, செல்போனைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கீழ்ப் பெட்டிகளில் ஈரம் கசியத் தொடங்கியது.

"நாப்பத்திரெண்டு பர்சென்ட் சார்! அப்படியே நில்லுங்க!"

ஞானசெல்வி பொறுத்தது போதுமென்று வண்டியின் பின்பக்கம் வந்தாள். "ஏலே தம்பி, இந்த வயருதானே வண்டியில இருந்து ட்ரெய்லருக்கு வருது? இதைக் கழட்டிப் பார்த்தியா?"

"அது பதினாலாவது ஸ்டெப்புக்கா. இப்ப ஆறுலதான் இருக்கோம்."

அவள் ப்ளக்கைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சந்தன வாசம் வந்தது.

வண்டிப் பக்கத்துச் சாக்கெட்டின் ஏழு துளையும் மஞ்சளாக அடைத்துக் கிடந்தன. ப்ளக் உள்ளே இறங்காமல் மேலே சும்மா ஒட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, ஃபாதர் வண்டிக்கும் புதிதாக வாங்கிய ட்ரெய்லருக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இஞ்ஞாசிமுத்துவுக்கு அது போதவில்லை. கூடியிருந்தவர்களுக்குச் சாக்கெட்டைத் திறந்து காட்டி, ஞானஸ்நானம், திருமணம் என்று திருச்சபையில் அருட்சாதனங்கள் ஏழு, இதில் துளைகளும் ஏழு, இதெல்லாம் தற்செயலா என்று கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். பிறகு சந்தனத்தைக் குழைத்து, தீக்குச்சியால் ஒவ்வொரு அருட்சாதனத்தின் பெயராகச் சொல்லித் துளைக்குள் அப்பினார். அதற்கு வீடியோ இருக்கிறது. இந்த ஒரு வாரத்தில் சந்தனம் சிமென்ட்டாக இறுகிவிட்டது.

"சார், பின்னு பூராம் சந்தனம்" என்றான் ஜாஸ்பர்.

கூரையிலிருந்து இறங்கி வந்தவர், "சந்தனம் நல்லதுதானே?" என்றார்.

"கரண்டுக்கு அது தெரியாது சார்." அவன் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

"ஏய், ஏய்! சுரண்டாத. மந்திரிச்சது. ஃபாதரை ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்."

"ஃபாதர் தீர்த்தம் தெளிச்சது வண்டிக்கு. சந்தனத்தை அப்புனது நீங்க" என்றாள் ஞானசெல்வி.

"உனக்கு விளங்காதுத்தா." அவர் போன் போட்டார். ஃபாதர் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். ஸ்கூல் மீட்டிங்கில் இருப்பார், முடிந்ததும் கூப்பிடுவார் என்று சொல்லிவிட்டு, நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். ஜாஸ்பரும் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு அப்டேட் பாதியில் நின்றிருந்தது.

மணி பத்து. ஞானசெல்வி ரோட்டுக்கு ஓடினாள். எஸ்டேட்டில் ஆள் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த பால்பாண்டியின் ஜீப்பை மறித்தாள். அந்த ஜீப்பில் திரை கிடையாது. ஸ்பீடோமீட்டரே ஓடாது. பால்பாண்டி ஒன்றும் கேட்காமல் சீட்டை மடக்கினான். இரண்டு பேருமாக உள்ளே இருபது பெட்டி, மேலே பத்துப் பெட்டி என்று ஏற்றிக் கயிறு போட்டார்கள்.

"அவசரப்படாதத்தா, இந்தா ஃபாதர் கூப்பிட்டுருவாக" என்று நிழலிலிருந்து குரல் வந்தது. அவள் கீழே துப்பிவிட்டு ஏறினாள்.

கம்பத்தில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். வியாபாரியின் ஆள் நல்லகண்ணு ஒவ்வொரு பெட்டியாகக் கையை விட்டுப் பார்த்தார். இருபத்திநாலு லாரியில் ஏறியது. ஆறு தரையில் நின்றது.

"ஆறு பெட்டி வெந்துபோச்சுத்தா. இம்புட்டு நேரம் வெயில்ல எங்கன வச்சிருந்தீக?"

அவள் ஆறு பெட்டியையும் ஓரமாக இழுத்து வைத்தாள். உள்ளதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

லாரி கிளம்பிப் போன பிறகு, நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு இஞ்ஞாசிமுத்து வந்து சேர்ந்தார். பின்னால் வெறும் ட்ரெய்லர் கடகடவென்று ஆடியபடி வந்தது. "சுரண்டித் தொலைங்க" என்று ஃபாதர் உத்தரவு கொடுத்துவிட்டாராம்.

"வந்து பாருத்தா! எப்படிக் காட்டுது பாரு!"

திரையில் ட்ரெய்லர் பச்சையாக ஒளிர்ந்தது. நான்கு விளக்கும் எரிந்தன. கீழே, இழுத்த தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது.

"பன்னெண்டு கிலோமீட்டர் இழுத்திருக்கு. பதிவாயிருச்சு" என்றார்.

"எதைண்ணே?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "கொஞ்சம் பொறுமையா இருந்திருந்தா, நீயும் இதுல ஜம்முனு வந்திருக்கலாம்."

"சரி, இந்த ஆறு பெட்டியையாவது வீட்டுல கொண்டுபோய் இறக்கிவிடுங்க. மாட்டுக்காவது ஆகும். பால்பாண்டிக்கு வேற சவாரி இருக்காம்."

இஞ்ஞாசிமுத்து பெட்டிகளைக் குனிந்து பார்த்தார். அடியில் கருஞ்சிவப்பாகச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து தன் ட்ரெய்லரைப் பார்த்தார்.

"புதுப் பெயின்ட்டுத்தா. கறை பட்டா போகாது."

ஞானசெல்வி முதல் பெட்டியைத் தூக்கி ட்ரெய்லருக்குள் தலைகீழாகக் கவிழ்த்தாள். வெந்த பழம் தொப்பென்று விழுந்து நாலா பக்கமும் தெறித்தது. "ஏத்தா! ஏத்தா!" என்று அவர் கதறுவதற்குள் இரண்டாவது, மூன்றாவது. மீதிப் பெட்டிகளைப் பால்பாண்டி எடுத்து எடுத்துக் கொடுத்தான். ஆறும் முடிந்ததும் அவள் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"போய்ப் பாருங்கண்ணே, காட்டுதான்னு."

வெறும் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொன்னாள்.