கருகல் வாடை

பருத்தியோடு வந்த கல் ஒன்று, கொட்டையைப் பிரித்துப் பஞ்செடுக்கும் ஜின்னிங் மெஷினில் சிக்கிப் பொறி பறந்தது. ஃபிட்டர் உடனே மெஷினை நிறுத்தினார். தீ எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அக்காவுக்குக் கருகல் வாடை அடித்தது. மில்லில் எல்லோருக்கும் அவள் அக்காதான், கூடப்பிறந்த தம்பியையும் சேர்த்து.

தாத்தா ஒற்றை மெஷினோடு தொடங்கிய மில். அப்பா பக்கத்திலேயே பருத்திக்கொட்டை ஆட்டும் எண்ணெய் மில்லையும் கட்டினார். பிறகு ஒரு வருடம் குடோன் எரிந்தது. பஞ்சை அழுத்திக் கட்டிய பேலுக்குள் போன பொறி நாள்கணக்கில் சத்தமில்லாமல் கனன்று, காற்றுப் பட்டதும் பற்றிக்கொண்டது. உள்ளே படுத்திருந்த சித்தப்பாவைக் கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள். அதன்பின் அப்பா மில் பக்கமே வரவில்லை. சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு வந்தது. அவள் படிப்பு பாதியில் நின்றதையோ, கல்யாணப் பேச்சு தானாக ஓய்ந்ததையோ வீட்டில் யாரும் வாயெடுத்துப் பேசியதில்லை.

"காலையில இருந்து கட்டின பேல் அத்தனையும் வெளிய எடுங்க. தள்ளித் தள்ளி வைங்க," என்றாள்.

வாசலில் லாரி காத்திருந்தது. தம்பி வந்து பேல்களை மோந்து பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலயேக்கா."

"உள்ள இருந்தா வெளிய தெரியாதுடா. ரெண்டு நாள் கிடக்கட்டும்."

"சித்தப்பா போனதுல இருந்து உனக்கு அடுப்பு பத்தவச்சாலும் பயம்."

லோடுமேன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் உள்ளே போய், மெஷினைக் கழற்றச் சொல்லி நெடுநேரம் தேடினாள். மெஷினின் பல்லில் கருகிய பஞ்சு ஒட்டியிருந்தது. அவனிடம் காட்டலாம் என்று அதைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தால், லாரி இல்லை. பேல்களில் பாதியும் இல்லை.

"சின்ன முதலாளிதான் ஏத்தச் சொன்னாருக்கா," என்றார் வாட்ச்மேன். "அவரும் டிரைவர் பக்கத்துல ஏறிட்டாரு. அப்பவாவது உங்களுக்கு நம்பிக்கை வரும்னாரு."

தம்பிக்குப் போட்ட போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஃபிட்டரைப் பைக்கில் பின்னால் விரட்டினாள்.

மிஞ்சிய பேல் ஒன்றில் இரும்புக் கம்பியை ஆழக் குத்தி, கொஞ்சம் விட்டு உருவி, விரலால் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. அடுத்ததும் அப்படித்தான். இத்தனை வருடமாக இந்த முற்றத்தில் தீ வந்துவிடக் கூடாதென்று வேண்டிக்கொண்டிருந்தவள், "இதுல இருக்கணும், இங்கயே இருக்கணும்," என்று முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டு போனாள். விரலில் சூடு ஏறவில்லை.

ஒரே ஒரு பேல் பாக்கி இருந்தது. கம்பியைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றாள். சாலையில் ஃபிட்டரின் பைக் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.