அண்ணன் சொன்ன வண்டி

"காரை எத்தனை வருஷம் வச்சுக்கிறதா உத்தேசம், மேடம்?" என்று கேட்டார் ஷோரூம்காரர்.

"பதினஞ்சு," என்றாள் பல் டாக்டர், பளிச்சென்று.

பக்கத்தில் அண்ணன் சிரித்தே விட்டார். "புருஷனை வச்சிருந்ததே பன்னெண்டு வருஷம்தான். கார் கொடுத்து வச்சதுப்பா!"

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஷோரூம்காரர் டையைச் சரிசெய்துகொண்டார்.

அண்ணனை யாரும் கூப்பிடவில்லை. "பொம்பளை தனியாப் போனா தலையில மிளகாய் அரைச்சிடுவான்" என்று தானாகவே வந்து ஒட்டிக்கொண்டார்.

அவளோ நாலு மாதமாக அலசி ஆராய்ந்து முடித்திருந்தாள். நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்த நோயாளிகளைக்கூட விடவில்லை. வாயில் பஞ்சு இருக்கும்போது கேள்வி, எடுத்த பிறகு பதில். முடிவாகத் தேர்ந்தெடுத்தது அந்த வெள்ளி நிற ஆறு சிலிண்டர் செடான். மிதித்தால் பறக்கும், பல வருஷம் ஓடி நிரூபித்த இன்ஜின், பத்து வருஷ வாரண்டி. கையெழுத்துதான் பாக்கி.

அண்ணன் அந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரை உதைத்தார். ஸ்டியரிங் முன்னால் சப்பணம் போடாத குறையாக உட்கார்ந்தார்.

"இதை எடும்மா. ரொம்ப நாள் உழைக்கும். அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். அன்னைக்கும் சொன்னேன், அவன் வேணாம்னு. கேட்டியா?"

அன்னைக்கும்! கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வராந்தா, கோர்ட்டு வாசல்... எங்கே பார்த்தாலும் இதே பாட்டு. அவர் வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவனுக்குச் சரி சொன்னாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். தப்பு என்று முதல் மாதமே புரிந்துவிட்டது. மிச்ச வருஷங்களை ஓட்டியது, அண்ணன் ஜெயித்துவிடக் கூடாதே என்றுதான்.

இனி பதினைந்து வருஷம், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்: 'நான் எடுத்துக் கொடுத்த வண்டி.'

"இது வேணாம்." அவள் விரல் மேடை மேலிருந்த கறுப்பு வண்டியை நோக்கி நீண்டது. "அது."

"எட்டு சிலிண்டர், மேடம். மிருகம்!"

"உனக்கென்ன பைத்தியமா?" அண்ணன் எழுந்தே விட்டார். "இப்பத்தான் வந்த இன்ஜின். நாலு பேர் ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும்மா!"

"அதுதான் வேணும்."

ஷோரூம்காரர் காகிதங்களைப் பரப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்த மாடலுக்கு நாலு வருஷத்துக்கு மேல வாரண்டி கிடையாது, மேடம். பதினஞ்சுன்னு சொன்னீங்களே..."

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோர்ட்டு வாசலில் நின்ற அதே முகம்.

"பேனா கொடுங்க," என்றாள்.

எழுதும்போதே முடிவு பண்ணிவிட்டாள். நடுரோட்டில் நின்றாலும் சரி, கட்டி இழுத்துக்கொண்டு போனாலும் சரி, அண்ணன் கேட்டால் வண்டி அருமையாக ஓடுகிறது என்றே சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே.

அந்த வேலை அவளுக்குப் புதிதில்லை.