பத்துக்குப் பூஜ்யம்

வாக்கெடுப்புக்குச் சரியாக நாற்பத்தாறு மணி நேரம் இருந்தபோது மானியக் கணக்குகளைச் சரிபார்க்கும் மாவட்ட ஆய்வாளர் பிரிட்செட், குடியேறியவர்களுக்கான எங்கள் மையத்துக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி. வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்கு மாவட்ட மன்றம் கூடி, எங்கள் உதவித் தொலைபேசிக்குத் தரும் மானியத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யும். நிறுத்தினால் வெள்ளிக்கிழமை முதல் அந்த எண் அடிக்காது.

அந்த எண்ணின் வேலை எளிது. கோழி ஆலை வாசலில் ஆட்களைப் பிடிக்கக் குடியேற்றத் துறை வண்டி நிற்கிறது என்று யாராவது சொன்னால், நாங்கள் போய்ப் பார்த்து உண்மையா பொய்யா என்று சொல்வோம். பெரும்பாலும் பொய். பொய் என்று தெரிந்தால் பெற்றோர் வேலைக்குப் போவார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். இதோடு மாதம் ஒரு வகுப்பு: அதிகாரிகள் கதவைத் தட்டினால் என்ன செய்வது.

மையத்தை நடத்துபவர் டோன்யா ஒடிலியா. டோன்யா என்பது எங்கள் மொழியில் மூத்த பெண்களுக்கான மரியாதைச் சொல். பன்னிரண்டு வருடம் அந்த ஆலையிலேயே கோழி நறுக்கியவர். மானியம் வாங்கும் அமைப்பு போராட்டம் நடத்தக் கூடாது என்பது ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு. அதனால் எங்கள் அறிக்கைகளில் ஊர்வலம் 'சமூக நடைப்பயிற்சி' என்று வரும். கோஷத்தை 'மூச்சுப் பயிற்சி' என்று தட்டச்சு செய்ய நான் மறுத்தேன்.

"நீ வேதியியல் படிச்சவ, மிஹா, என் பொண்ணே. உனக்குக் கற்பனை கம்மி," என்றார்.

பதிவான குடும்பங்கள் இருநூற்றுப் பதினான்கு. பிரிட்செட்டின் கணினி அவற்றில் பத்து எண்களைப் பொறுக்கியது. அந்த வீடுகளுக்கு அவர் நேரில் போய் விசாரிக்க வேண்டும். முகவரித் தாள் என் கையில்தான் இருக்கும், அவர் எழுதிக்கொள்ளக் கூடாது. நாங்களும் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது.

"சும்மா ரெண்டு கேள்விதான். வகுப்புக்கு வந்தீங்களா, பிரயோஜனமா இருந்துச்சா. அஞ்சு நிமிஷம்," என்றார். நல்ல மனிதர். மாவட்டம் கொடுத்த பெரிய வெள்ளை வண்டி, மாவட்டம் கொடுத்த கருநீல மேல்சட்டை, நெஞ்சில் பித்தளை வில்லை. இந்தக் கோலத்தில் அவர் யாரைப் போலத் தெரிவார் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

முதல் வீட்டில் நாங்கள் படியேறும்போது தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தட்டியதும் நின்றது.

"நீதிபதி கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தா கதவுக்கு அடியில தள்ளுங்க," என்றது ஒரு பெண் குரல். வகுப்பின் முதல் பாடம்.

பிரிட்செட் தன் பெயர் அட்டையைத் தள்ளினார். சற்று நேரத்தில் அது திரும்பி வந்தது.

"இதுல நீதிபதி கையெழுத்து இல்ல."

"நான் நீதிபதி இல்லம்மா. மாவட்ட ஆய்வாளர்."

"அப்போ நல்லபடியா போயிட்டு வாங்க."

இரண்டாவது வீட்டில் சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை சிவப்பு அட்டையைக் காட்டியது. பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று அதில் அச்சிட்டிருக்கும். அச்சிடக் கொடுத்தவள் நான். மூன்றாவது வீட்டில் விளக்கு அணைந்தது. நான்காவது வீட்டில் நான் முன்னால் போய் நின்றேன்.

"டோன்யா புரா, நான் யாரெலி. மையத்துல இருந்து வந்திருக்கேன். கொஞ்சம் திறங்க."

உள்ளேயிருந்து பதில் வந்தது.

"தெரிஞ்ச குரலைக் கூட்டிக்கிட்டு வந்து திறக்கச் சொல்லுவாங்க, ஏமாந்துடாதீங்கன்னு நீதானே சொல்லிக் குடுத்தே?"

வகுப்புக் கையேட்டின் மூன்றாம் பக்கம். நான் எழுதியதுதான்.

"கெட்டிக்காரங்க," என்றார் பிரிட்செட். அவர் படிவத்தில் கெட்டிக்காரத்தனத்துக்குக் கட்டம் இல்லை. 'தொடர்பு கிடைக்கவில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார்.

ஐந்தாவது வீட்டுக்குப் போகும் வழியில் என் பையில் இருந்த உதவித் தொலைபேசி அடித்தது. அன்று மாலை என் முறை.

"பொண்ணே, வெள்ளை வண்டி ஒண்ணு தெருத் தெருவா சுத்துது. மொட்டைத் தலை ஆளு, கருநீலச் சட்டை. குடியேற்றத் துறையா?"

"இல்லைங்க. மாவட்ட ஆய்வாளர். பயப்பட வேண்டாம்."

"நிச்சயமா? யாரு போய்ப் பார்த்தா?"

"நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

"கூட ஒரு ஒல்லிப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போகுதாம். காட்டிக் குடுக்கிற கழுதை. அது யாரு?"

"நான்தாங்க," என்றேன்.

அன்று மாலை முப்பத்தொரு அழைப்புகள் வந்தன. எல்லாவற்றுக்கும் பிரிட்செட் பக்கத்தில் உட்கார்ந்தே பதில் சொன்னேன். மறுநாள் ஆலையில் ஒருவர்கூட விடுப்பு எடுக்கவில்லை. அந்த எண் செய்யும் வேலையை இதைவிடத் தெளிவாக யாருக்கும் காட்ட முடியாது. ஆனால் விதிப்படி அவர் வீடுகளை மட்டுமே சரிபார்க்க வந்திருந்தார்.

ஏழாவது வீடு எல்ம் தெருவில், ஒரு தச்சுப் பட்டறைக்குப் பின்னால். வறுத்த மிளகாய் வாசனை வந்தது. அவர் தட்டினார். வானொலி நின்றது. திரைச்சீலை ஒரு விரல் அளவு விலகி மறுபடி மூடியது.

"நீங்க கூப்பிட்டுப் பாருங்களேன்," என்றார்.

"பிரயோஜனம் இருக்காது," என்றேன். கோட்டுப் பைக்குள் என் கை சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்திருந்தது.

பத்துக் கதவுகள். திறந்தவை பூஜ்யம். ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு சுத்தமான முடிவு கிடைத்தால் முதலில் கருவியைச் சந்தேகிப்போம். பிரிட்செட்டின் அறிக்கை கருவியைச் சந்தேகிக்கவில்லை. 'சேவை சென்றடைந்ததற்குச் சான்று இல்லை' என்று முடித்தது.

டோன்யா ஒடிலியா அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தார். "பத்துக்குப் பத்து! ஒருத்திகூடத் திறக்கல! என் பிள்ளைங்க!" பிறகு உட்கார்ந்தார். "யாரெலி, பத்துல ஒரு வீடாவது வியாழக்கிழமை வந்து பேசினாப் போதும். நாங்க இருக்கோம், படிச்சதைத்தான் செஞ்சோம்னு."

மன்றத்தில் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். முதலில் பெயரும் வீட்டு முகவரியும் உரக்கச் சொல்ல வேண்டும். அது இணையத்தில் நேரலையாகப் போகும். ஒளிந்திருப்பவர்களுக்காக நடக்கும் சேவைக்கு இதுதான் சாட்சி சொல்லும் முறை.

பத்து வீடுகளையும் கேட்டேன் என்று சொன்னேன். ஒன்பதைத்தான் கேட்டிருந்தேன். ஒன்பதும் மறுத்தன.

மீதி ஒன்றைக் கேட்காததற்குக் காரணம் இருந்தது. ஒரு வகுப்புக்கு இருபத்தைந்து பேர் வந்தால்தான் மாவட்டம் அதைக் கணக்கில் எடுக்கும். ஊழியர்களின் குடும்பத்தார் சேர்த்தி இல்லை. நவம்பரில் பனி கொட்டிய ஒரு மாலை இருபத்துநான்கு பேர்தான் வந்திருந்தார்கள். நான் ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகத்தான் வந்தார். போகும்போது வகுப்பிலேயே நன்றாகப் படித்தவர் அவராக இருந்தார். இது வெளியே வந்தால் என் வேலை போகும். பொய்க் கணக்கு என்று மையத்தின் மீதும் எழுதுவார்கள்.

வியாழக்கிழமை மன்றம் நிறைந்திருந்தது. உறுப்பினர் ஹாக்ஸ்டெட் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். விவசாயி. கத்திப் பேசுகிறவர் அல்ல.

"நான் யாரையும் வெறுக்கல. எனக்குப் புரியாதது ஒண்ணுதான். குடியேற்றச் சட்டத்தை நடத்துறதும் அரசாங்கம். அந்த ஆளுங்க வந்தா கதவைத் திறக்காதேன்னு சொல்லிக் குடுக்கிறவங்களுக்குச் சம்பளம் தர்றதும் அரசாங்கம். என் வரி ரெண்டு பக்கமும் கயிறு இழுக்குது. சரி, அதையாவது ஒழுங்காச் செய்யறாங்களான்னு பார்த்தா, பத்து வீட்டுல ஒருத்தர்கூட இல்ல. ஒண்ணு, இந்தக் குடும்பங்க இல்லவே இல்ல. இல்லேன்னா சட்டத்துக்கு ஒளியறவங்க. ஒழுங்கா இருக்கிறவங்க மாவட்ட ஆளைப் பார்த்து எதுக்குக் கதவைப் பூட்டணும்?"

நியாயமான கேள்வி என்று பலர் தலையாட்டினார்கள். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது என்னிடம் இருந்தது.

டோன்யா ஒடிலியா தன் மூன்று நிமிடத்தில் கையேட்டைக் காட்டினார், நீதிபதி கையெழுத்துள்ள காகிதம் இல்லாமல் யாருக்கும் கதவைத் திறக்க வேண்டியதில்லை என்று சொன்னார். ஹாக்ஸ்டெட் பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பத்துல ஒரு ஆளைக் காட்டுங்கம்மா. நான் கையைத் தூக்கறேன்," என்றார். டோன்யா ஒடிலியா கையேட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"வேற யாராவது?" என்றார் தலைவர்.

நான் எழுந்தது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. ஒலிவாங்கி என் உயரத்துக்கு மேலே இருந்தது. யாரோ வந்து வளைத்துவிட்டார்கள்.

"பெயர்?"

"யாரெலி சந்தோவால்."

"சத்தமா."

"யாரெலி சந்தோவால்."

"முகவரி?"

"நானூற்றுப் பதினெட்டு, எல்ம் தெரு. தச்சுப் பட்டறைக்குப் பின்னால இருக்கிற வீடு."

முன் வரிசையில் பிரிட்செட் எழுதிக்கொண்டிருந்தார். பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டோன்யா ஒடிலியா கண்ணை மூடிக்கொண்டார்.

"மூணு நிமிஷம் இருக்கு. சொல்லுங்க," என்றார் தலைவர்.

"ஏழாவது கதவு எங்க வீட்டுக் கதவு. நான் வெளியில நின்னேன். உள்ள இருந்தது எங்கம்மா. அவங்களை அந்த வகுப்புல சேர்த்தது தப்பு, அதை நான்தான் செஞ்சேன், டோன்யா ஒடிலியாவுக்குத் தெரியாது." ஹாக்ஸ்டெட் அறிக்கையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்தார். "ஒழுங்கா இருக்கிறவங்க எதுக்குக் கதவைப் பூட்டணும்னு கேட்டீங்க, ஐயா. எங்கம்மா இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிப் பதினொரு வருஷம் ஆச்சு."