ஷிஃப்டுக்கு ஒரு தபா

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நாற்பது வருடம் ஃபிட்டராக இருந்தவன் நான். மெஷினுக்குள் மசகு ஏற்றும் கிரீஸ் நிப்பிள்களில் என் கை படாதது இந்தப் பூமியில் கிடையாது. ரிட்டயரான பிறகு மெஷின்களை விட்டுவிட்டு ஊரார் உடம்பை ரிப்பேர் செய்கிறேன்.

தேசப்பன் அதே ஆலையில் கிரேன் ஓட்டும் ஒப்பந்த ஆள். உலை அனலில் இமைக்காமல் கீழே பார்த்துப் பார்த்து அவன் கண்கள் மிளகாய்ப்பழமாகிவிட்டன. காலையில் இமைகளைப் பிரிக்கக் கடப்பாரை தேவைப்பட்டது. அடுத்த மாதம் கண் பரிசோதனை. அட்டையில் எழுத்து தெரியாவிட்டால் கேட் பாஸும் வேலையும் போய்விடும்.

திருவள்ளூரில் கண் டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். இமை ஓரத்தில் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றனவாம். எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொண்டால் கண்ணீர் சீக்கிரம் காய்ந்து எரிச்சலும் மங்கலும் வருமாம். காலையும் மாலையும் வீட்டில் வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய கண்மேல் பத்து நிமிடம் வைத்து, இமைமுடிப் பக்கமாக மெல்ல நீவி, ஓரத்தைத் துடைக்கச் சொன்னார். தேசப்பன் ஒன்றும் புரியாமல் விழித்தான். வெளியே வந்ததும் நான் மொழிபெயர்த்தேன்.

"நிப்பிள் அடைச்சிக்கினா இன்னா பண்ணுவ? சூடு காட்டி, அழுக்கத் தள்ளி, தொடைப்ப இல்ல? அதான்டா இது. ஷிஃப்டுக்கு ஒரு தபா."

சட்டென்று புரிந்துகொண்டான். இந்தப் பெருமையை எளாவூர் வரைக்கும் ஆறாயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன்.

எரிச்சல் அடங்கியது. பரிசோதனையில் கடைசி வரி வரை படித்தான். அடியில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தான் என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் கிரீஸ் வைப்பவன் ஷிஃப்ட் ஆரம்பத்தில், மெஷின் நிற்கும் இடத்திலேதானே வைப்பான்? தேசப்பனும் பிளாஸ்கில் வெந்நீரோடு கிரேனில் ஏறி, அங்கேயே கண்ணை மூடி ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருக்கிறான். புது சூப்பர்வைசர் பார்த்திபன் மேலே ஏறிப் போட்டோ எடுத்தார். அன்றே கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஆலைக்கு ஓடினேன். டாக்டர் வீட்டில் என்றுதான் சொன்னார், ஷிஃப்ட் என்றது என் வாய் என்று ஆபீஸில் மன்றாடினேன்.

"பெருசு, கிரேன்ல குந்திக்கினு கண்ண மூடனா அதுக்கு இன்னா பேரு?" என்றார் பார்த்திபன்.



அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி, 'பணியில் உறக்கம் உயிருக்கு ஆபத்து' என்று எழுதி கேட்டில் மாட்டிவிட்டார்கள். போன வாரம் கேட்டுக்குச் சற்றுத் தள்ளியுள்ள பஸ் ஸ்டாப்பில் தேசப்பன் என் பக்கத்தில் வந்து நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"கண்ணு இப்ப சோக்கா தெரிதுண்ணா," என்றான். "கேட்ல கீற என் போட்டோ இங்கர்ந்தே தெரிது."