உள்குழாய்

திருக்காட்டுப்பள்ளி முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஜாய்ஸ் ஆறு வருடங்களாக நர்ஸ். ஊசி போடுவாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் புரட்டிவிடுவாள். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்த நோயாளி என்று அங்கே முதலில் வந்தவர் துரைராசுதான். பக்கவாதத்தில் விழுந்த பூதலூர் விவசாயி. சளி சேர்ந்தால் மெஷினால் உறிஞ்சி எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது.

ஆடி மாதத்தில் ஒரு காலை அவருக்கு மூச்சு இழுத்தது. உறிஞ்சும் டியூப் உள்ளே போகவில்லை. ஆக்சிஜனைக் கூட்டி வைத்தாள், 108-க்குப் போன் செய்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. எல்லாம் செய்து பார்த்தோம் என்று அவர் மனைவி பொன்னுத்தாயிடம் சொன்னாள். நம்பித்தான் சொன்னாள்.

அதன்பிறகே இல்லத்தார் நர்சுகளுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்தார்கள். ஐப்பசியில் தஞ்சாவூரிலிருந்து சுவாச சிகிச்சை நிபுணர் மேகலா ஒரு ரப்பர்க் கழுத்துப் பொம்மையோடு வந்தாள்.

"டியூப் உள்ள போகலைன்னா முதல்ல இதைக் கழட்டுங்க."

பொம்மையின் தொண்டைக் குழாயைத் திருகி இழுத்தாள். உள்ளிருந்து இன்னொரு குழாய் வந்தது. சளி பெரும்பாலும் இதில்தான் அடைக்கும், எடுத்துவிட்டால் வழி திறந்துவிடும் என்றாள். பத்து நொடிகூட ஆகவில்லை.

துரைராசுவுக்கு இருந்ததும் இதே குழாய். தன் முறை வந்தபோது ஜாய்ஸால் பொம்மையைத் தொட முடியவில்லை. விஷயத்தைக் கேட்ட மேகலா, யாரும் சொல்லித்தராததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஜாய்ஸ் பூதலூருக்கு பஸ் ஏறினாள். பொன்னுத்தாய் சம்பா வயலில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே ஜாய்ஸ் ஒன்று விடாமல் சொன்னாள்.

"அப்போ அவரு பொழைச்சிருப்பாரா சிஸ்டர்?"

"அன்னைக்குப் பொழைச்சிருப்பாரும்மா."

பொன்னுத்தாய் வாய்க்காலில் இறங்கிக் கைச்சேற்றைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

"விதின்னு மனச ஆத்தி வச்சிருந்தேன். இனி என்னத்தச் சொல்லி ஆத்துறது?"

மன்னிப்புக் கேட்கத்தான் ஜாய்ஸ் வந்திருந்தாள். பொன்னுத்தாய் அவளைத் திட்டவில்லை. வெயில் ஏறுவதற்குள் கிளம்பச் சொல்லிவிட்டு வயலுக்குள் இறங்கினாள்.

ரோட்டுக்கு வந்து ஜாய்ஸ் திரும்பிப் பார்த்தபோது பொன்னுத்தாய் களை எடுக்கவில்லை. தண்ணீர் நின்ற பயிருக்கு நடுவே குனிந்தபடி சும்மா நின்றிருந்தாள்.