வாடாவில் வைத்த பூ

பெண் பார்க்க வந்த இடத்தில் வாசலில் டிக்கெட் கேட்டால் எவனுக்குத்தான் தலை சுற்றாது? ஹரிபிரசாத்துக்குச் சுற்றியது.

தளேகாவ் ஊரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே பாழடைந்து கிடந்த பழைய வாடா, அதாவது மராத்திக்காரர்களின் முற்றம் வைத்த வீடு, அது. அந்த விவசாயி வீட்டைச் செப்பனிட்டு, கிராமத்து வாழ்க்கையை நடத்திக் காட்டும் மியூசியமாக்கியவளே அவன் பார்க்க வந்த பார்கவிதான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதும், நகர முடியாது, அங்கேயே வந்துவிடுங்கள் என்று போனில் சொல்லியிருந்தாள். நாலைந்து தரம் போனில் பேசியதிலேயே பையன் கவிழ்ந்துவிட்டான். இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று தான் தங்கியிருக்கும் வாகட் ஃபிளாட்டில் நண்பர்களிடம் அறிவித்தும் விட்டான். கண்ணால் கண்டதென்னவோ ஒரு ஸ்டுடியோ போட்டோ. அதில் பட்டும் பவுடரும்தான் தெரிந்தன.

இதற்கென்றே கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தாள் அம்மா ஆனந்தவல்லி. காலையில் கேம்ப் கடைத்தெருவெல்லாம் அலைந்து ஒரு முழம் மல்லிகை வாங்கியிருந்தாள். பெண் பிடித்துப்போனால் பையனின் தாய் பூ வைப்பாள். வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

உள்ளே ஒருத்தி திரிகையில் மாவு அரைத்தாள், தலைப்பாகைக்காரன் ஒருவன் மாட்டைக் குளிப்பாட்டினான். யார் சம்பளத்துக்கு இருப்பவர், யார் டிக்கெட் வாங்கியவர் என்று ஹரிக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. மாடாவது நிஜமா என்று சந்தேகம் வந்தது. அது சாணி போட்ட பிறகுதான் நம்பினான்.

அந்நேரம் ஒன்பது கஜச் சேலையும் முத்து மூக்குத்தியுமாக ஒரு பெண் தட்டில் வெல்லமும் தண்ணீரும் ஏந்தி வந்தாள். குனிந்து ஆனந்தவல்லியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நம் பக்கத்தில் பெண் பார்க்கப் போனால் தட்டோடு வருகிறவள் யார்? அப்புறம் என்ன சந்தேகம்!

"அட என்ற சாமி! எத்தன அடக்கம் பாரு கண்ணு," என்று உருகிவிட்டாள் ஆனந்தவல்லி.

அந்தக் கழுத்தில் கறுப்பு மணி கிடந்தது. இங்கே அதுதான் தாலி என்று அவளுக்குத் தெரியாது. ஹரிக்குத் தெரியும். ஆனால் எல்லாமே வேஷமாக இருக்கிற இடத்தில் மணி மட்டும் நிஜமா என்று விட்டுவிட்டான். பெண் மராத்தியிலேயே பேசினாள். வேஷம் கலையாமல் பேசுகிறாள், கெட்டிக்காரி என்று பூரித்தான்.

ஆனந்தவல்லி பூவை எடுத்து அவள் கொண்டையில் வைத்தே விட்டாள். ஹரி கேமராவைத் தூக்கினான். குறுக்கே ஜீன்ஸ் போட்ட ஒருத்தி நின்றிருந்தாள்.

"ஜரா ஹட்டியே, மேடம்," என்றான்.

அவள் நகர்ந்தாள். "போட்டோ எடுத்தாச்சா? நான்தான் பார்கவி," என்றாள். "அவ சுஷ்மா, இங்க வேலை பண்றா. மாடு கிட்ட நிக்கறாரே, தேஜஸ், அவர் அவ ஹஸ்பண்ட்."

சுஷ்மாவோ, பெரியவர் கையால் பூ கிடைத்ததே என்று பூரிப்போடு நின்றாள். ஹரி திருதிருவென்று விழித்தான்.

"அடக் கடவுளே! அடுத்தவன் பொண்டாட்டிக்கல்லோ பூ வெச்சுப்போட்டேன்!" ஆனந்தவல்லி கயிற்றுக் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

பார்கவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பரவால்ல ஆண்ட்டி. ஹரி, நீங்க சொல்லுங்க. இப்ப என்ன பண்ணலாம்?"

ஹரி சுஷ்மாவைப் பார்த்தான், பார்கவியைப் பார்த்தான், வைத்த பூவை எடுக்கலாமா கூடாதா என்று புரியாமல் அம்மாவைப் பார்த்தான்.

"அது... அம்மா என்ன சொல்றாங்களோ..."

பார்கவியின் சிரிப்பு நின்றது. "அச்சா," என்றாள். "அப்பா ரயில்ல வந்துட்டு இருக்கார். வர வேணாம்னு சொல்லிடறேன். நீங்க சாப்ட்டுப் போங்க, பாக்ரி நல்லா இருக்கும்." அடுத்த கூட்டத்தை அழைக்கப் போய்விட்டாள்.

வாடகைக் கார் கிளம்பியதும் ஹரி பொரிந்து தள்ளினான். "எல்லாம் உன்னாலதாம்மா! யாரு என்னன்னு கேக்காம யாராவது பூ வெப்பாங்களா?"

"நான் தப்புத்தான்டா பண்ணுனேன்," என்றாள் ஆனந்தவல்லி. "பூ என்னடா பூ, இன்னொரு முழம் வாங்குனாப் போச்சு. இவளத்தான் புடிச்சிருக்குன்னு நீ ஒரு வார்த்த சொல்லோணும்னு நாங்க ரெண்டு பேரும் உன்ற வாயத்தானடா பாத்துட்டிருந்தோம்!"

ஹரிக்கு அழுகையே வந்துவிட்டது. காரைத் திருப்பச் சொல்லலாமா என்று கேட்டான். அதையும் அம்மாவிடம்தான் கேட்டான்.